ஏரி மீள்கிறது; 'பொது' மீள்கிறதா?

பெங்களூரு சர்ஜாபூர் சாலையிலுள்ள கைகொண்டரஹள்ளி ஏரி ஒரு காலத்தில் கழிவுநீரும் குப்பையும் தேங்கிக் கிடந்த இடம். சுற்றுப்புறக் குடியிருப்பாளர்கள் மாநகராட்சியோடு இணைந்து அதை மீட்டனர். இன்று அங்கே நீர் நிற்கிறது, பறவைகள் வருகின்றன, கரையில் நடைபாதை அமைந்திருக்கிறது. அரசு கைவிட்ட நீர்நிலையை மக்கள் மீட்டெடுக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. இத்தகைய முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் மீட்கும் 'மக்கள்' யார், மீட்கப்பட்ட கரை யாருக்கு என்ற கேள்விகளையும் எழுப்ப வேண்டியிருக்கிறது.

தென்னிந்திய ஏரிகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல, உழைப்பால் உருவானவை. மதகைத் திறந்து, கரையைக் காத்து, வயலுக்கு நீர் பங்கிட்டவர்களைத் தமிழகம் நீர்க்கட்டி என்றது. கர்நாடகம் நீருகண்டி என்றது. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஊருக்கே நீர் பாய்ச்சியவர்களுக்கு ஊர்க்கிணறு மறுக்கப்பட்டது. ஏரி பூங்காவாக மாறும்போது இந்த வரலாறும் மண்ணுக்குள் புதைகிறது. வேலி எழுகிறது, நேரக் கட்டுப்பாடும் சில இடங்களில் கட்டணமும் வருகின்றன. மாடு மேய்ப்பதும், துணி துவைப்பதும், மீன் பிடிப்பதும் அழகைக் கெடுக்கும் செயல்களாகின்றன. கரையோரக் குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு எனப்படுகிறது. நீர்வழியை மறித்த அடுக்குமாடி முகவரி பெறுகிறது.

சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டன. அவையோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். நீரைக் காப்பதற்காக வெளியேற்றப்பட்டவர்கள் வெள்ளம் தேங்கும் இடத்திலேயே குடிவைக்கப்பட்டனர். இதில் சூழலியலும் இல்லை, நீதியும் இல்லை.

மகத் நகராட்சி தன் சவுதார் குளத்தை 1924இல் அனைவருக்கும் திறப்பதாகத் தீர்மானித்தது. தீர்மானம் தாளிலேயே நின்றது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று நீர் அருந்திய பிறகே அதற்கு உயிர் வந்தது. அறிவிப்பால் மட்டும் ஓர் இடம் பொதுவாகிவிடாது என்பதே மகத் தரும் பாடம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் குளங்கள், படித்துறைகள், பொதுமக்கள் கூடுமிடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எந்தத் தடையும் கூடாது என்கிறது. ஏரிக்கரைப் பூங்கா ஒரே நேரத்தில் குளமாகவும் பொதுவிடமாகவும் இருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஏரிப் பாதுகாப்புக் குழுக்களில் கரையோரச் சேரி மக்களுக்கும் நீர்க்கட்டி மரபினருக்கும் முடிவெடுக்கும் இடம் வேண்டும். நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். மேய்ச்சலும் மீன்பிடிப்பும் உரிமைகளாக ஏற்கப்பட வேண்டும். தூர்வாரும் பணியில் எவரும் கைகளால் கழிவை அள்ளக் கூடாது. வாழிடத்துக்கு அருகிலேயே மாற்று வீடு வழங்காமல் எவரையும் அகற்றக் கூடாது. மதகைத் திறந்த கைகளுக்குப் பூங்காவின் கதவு மூடியிருக்குமானால், அந்த ஏரி இன்னும் மீளவில்லை என்றே பொருள்.