எப்போதும்வென்றானில் எப்போதும் வெல்வது யார்?

எட்டயபுரத்தைத் தாண்டித் தூத்துக்குடிக்குப் போகும் நாற்கரச் சாலையில் இருக்கிறது எப்போதும்வென்றான். பெயரிலேயே வெற்றியைச் சுமந்து நிற்கும் ஊர். சாலையோரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்போனை எடுத்துப் பாருங்கள். கோடுகள் நிமிர்ந்து நிற்கும். அதே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிப் பாதையில் இறங்கி, உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் காட்டுக்குள் ஒரு மைல், இரண்டு மைல் நடந்து பாருங்கள். நான்கு கோடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பிறகு, “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டே வரப்பு மேட்டில் ஏறி நிற்க வேண்டியதுதான்.

“எந்த சிம் வாங்கினால் டவர் கிடைக்கும், தோழர்?” கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இந்தக் கேள்வி எழாத ஊர் இந்தக் கரிசல் சீமையில் உண்டா? சில்லறைக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருமா வராதா என்பது போனில்தான் தெரிகிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்கும் சிக்னல் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் என்ன செய்தார்கள்? வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளரைப் படம் பிடித்து, இடக்குறியீட்டோடு செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்தச் செயலியை எடுத்துவிடு என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்துத்தான் 2023 பிப்ரவரியில் வடமாநிலத் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் 100 நாள் தர்ணாவைத் தொடங்கினார்கள். நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டியவன் வேலை செய்தானா இல்லையா என்பதை அவன் கைக் காப்பு சொல்லாதாம், டவர்தான் சொல்ல வேண்டுமாம்!

முதலில் தோழர்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

நாட்டுக்கே சிறந்த சிம் என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுக்கும் உங்கள் காட்டுக்கும் உங்கள் வேலைத்தளத்துக்கும் எது சிறந்தது என்பதுதான் கேள்வி. அதை விளம்பரம் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரரின் போன் சொல்லும். நான்கு கம்பெனி சிம் வைத்திருக்கும் நான்கு தோழர்கள் ஒன்றாக நடந்து போங்கள். வீட்டுக்குள், பள்ளிக்கூட வாசலில், காட்டு நடுவில் நின்று ஒவ்வொருவரும் ஒரு போன் போட்டுப் பாருங்கள். பகலில் ஒரு முறை; இரவு 8 மணிக்கு, ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரத்தில், இன்னொரு முறை. கரண்டு போன பிறகு ஒரு மணி நேரம் கழித்து மூன்றாவது முறை. இந்த மூன்றாவது சோதனைதான் முக்கியம். டவர் என்பது வெறும் இரும்புக் கம்பம் அல்ல. அதன் அடியில் பாட்டரி இருக்கிறது, டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, அதைக் கவனிக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்பதும் இருக்கிறது.

போனில் தெரியும் கோடுகளை அப்படியே நம்பாதீர்கள். எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு காட்டுவது என்று போன் கம்பெனிகளுக்குள் பொது அளவு இல்லை. ஒரே இடத்தில், ஒரே சிம்மில், ஒரு போன் மூன்று கோடு காட்டும், இன்னொன்று இரண்டு காட்டும். ஸ்மார்ட் போனின் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். 4ஜியில் அது மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். வாலிபத் தோழர்கள் யாரிடமாவது கேட்டால் அரை நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார்கள்.

அலைவரிசையிலும் சங்கதி இருக்கிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும்; சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3300 போன்ற உயர்ந்த அலை வேகமாக வேலை செய்யும், ஆனால் கொஞ்ச தூரத்தில் களைத்துவிடும். பட்டணத்துத் தெருவில் 5ஜி என்று பறக்கிற போன் நம் காட்டில் முக்குவது இதனால்தான். கரிசல் சமதரை; மறிக்க மலை இல்லை. இங்கே பகை தூரம்தான். பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி உள்ள போன் இல்லாமல் அந்த சிம் பேசாது. பி.எஸ்.என்.எல்.லின் புதிய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. பழைய போன்கள் சிலவற்றுக்கு அந்த வரிசையே தெரியாது. டவர் இருக்கும், சிம் இருக்கும், போன் மட்டும் ஊமையாக நிற்கும். குறையை சிம்மின் தலையில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு சிம் போடும் போனில் இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்யக் கூலிக்காரனுக்கு எங்கிருந்து வரும்? நம் விஷயம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

போட்டி இருந்தால் நுகர்வோர் ராஜா என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியில் இருந்த சுக்ராமோடு பேசினாரே, அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அதற்குப் பிறகு எத்தனை கம்பெனிகள் வந்தன, எத்தனை மறைந்தன! 1999-ல் தமிழ்நாட்டில் கடை விரித்த ஏர்செல்லை நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் முன்வரிசையில் நின்ற கம்பெனி. ஜியோ 2016 செப்டம்பரில் களம் இறங்கிப் பேச்சை இலவசமாக்கியது. கடனில் இருந்த ஏர்செல் தள்ளாடியது. 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் போன்கள் செத்துப்போயின. டவர் கம்பெனிக்குப் பாக்கி, அதனால் டவர் நின்றது. பிப்ரவரி 28-ல் கம்பெனி திவால் மனு போட்டது. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் 1900-க்குச் செய்தி அனுப்பிச் சங்கேத எண் வாங்க வேண்டும், செய்தி அனுப்ப சிக்னல் வேண்டும், சிக்னல்தான் இல்லையே! கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எண்ணை மாற்றிக்கொள்ள ஏப்ரல் 15 வரை வழி செய்யும்படி டிராய் உத்தரவிட வேண்டி வந்தது. வங்கிக் கணக்கு, காஸ் புத்தகம், ஆதார் எல்லாம் அந்த எண்ணில் கட்டப்பட்டிருந்தவன் பட்ட பாடு எந்தக் கணக்கில் ஏறியது?

போட்டியில் எஞ்சியவர்கள் மூன்று பெரிய தனியார். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒருநாள் முன்பின்னாகக் கட்டணத்தை உயர்த்தின. பத்து சதத்துக்கு மேலே, கால் பங்கு வரை. போட்டியாளர்கள் என்றால் ஒருவர் ஏற்றும்போது ஒருவர் இறக்க வேண்டாமா? லட்சக்கணக்கான மக்கள் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள். சில மாதங்களில் அந்த அலை அடங்கியது. ஏன்? சிம் மலிவு, 4ஜி டவர் குறைவு.

பி.எஸ்.என்.எல். ஏன் பின்தங்கியது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைத் திட்டுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். தனியார் 2012-லேயே 4ஜியைத் தொடங்கினார்கள். பொதுத்துறைக்கு 4ஜி அலைக்கற்றை கொடுக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது 2019 அக்டோபரில். அதே கையோடு விருப்ப ஓய்வுத் திட்டம். 2020 ஜனவரி 31 அன்று ஏறக்குறைய 78,000 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். 2020-ல் 4ஜி டெண்டர் ரத்து. உள்நாட்டுக் கருவிகளோடு நாடு தழுவிய 4ஜி தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. உள்நாட்டுக் கருவி என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் காலில் கல்லைக் கட்டி ஓடவிட்டுப் பிறகு, “பார், நொண்டுகிறான்” என்று சொல்வது என்ன நியாயம்? மறுபக்கத்தில் வோடபோன் ஐடியாவின் 36,950 கோடி ரூபாய் ஏலப் பாக்கியை 2025-ல் சர்க்கார் பங்காக மாற்றிக்கொண்டது. இன்று அந்தக் கம்பெனியில் கிட்டத்தட்ட 49 சதம் சர்க்காருடையது!

ஆகவே, தோழர்களே, டவர் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் வாங்கும் சிம் முடிவு செய்யவில்லை. லைசென்ஸ் முடிவு செய்தது. பழைய லைசென்ஸ் நிபந்தனை என்ன சொன்னது? முதல் ஆண்டில் மாவட்டத் தலைநகரங்களில் 10 சதம், மூன்றாண்டில் 50 சதம் இணைத்தால் போதும். மாவட்டத் தலைநகருக்குப் பதிலாக வேறொரு பட்டணத்தைக் காட்டினாலும் போதும். அதற்கு மேல் விரிப்பது கம்பெனியின் வியாபார முடிவு. தூத்துக்குடியை இணைத்தவன் எப்போதும்வென்றானை இணைக்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சாலையில் கார் போகிறது, லாரி போகிறது, ஆதலால் சாலைக்கு டவர் வந்தது. காட்டில் களை எடுக்கிறவளுக்காக எந்தக் கம்பெனி கம்பம் நடும்?

தரத்தை அளப்பதிலும் இதே சூழ்ச்சிதான். பெரும் பரப்புக்குச் சராசரி எடுத்து, அழைப்பு அறுந்துபோவது இத்தனை சதத்துக்குள் என்பார்கள். பண்ணையார் வீட்டில் பத்துப் படி, கூலிக்காரன் வீட்டில் வெறும் பானை. சராசரி ஐந்து படி, யாருக்கும் பசியில்லை! 2024-ல் டிராய் கொண்டுவந்த புதிய தர விதிகளில் சில நல்ல அம்சங்கள் உண்டு; ஒப்புக்கொள்வோம். எங்கெங்கே சிக்னல் உண்டு என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் தளத்தில் வரைபடம் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் பெரிய முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் சந்தாதாரருக்குக் கழிவோ, நாள் நீட்டிப்போ தர வேண்டும். ஆனால் முடங்கியது மாவட்டமாக இருக்க வேண்டும். ஒரு கிராமம் ஒரு வாரம் ஊமையாகக் கிடந்தால் கணக்கில் வராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. கரண்டு இல்லை, சாலை இல்லை, போன் இல்லை. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். அன்றைக்கு எந்த சிம் சிறந்தது என்று யார் ஒப்பிட்டுப் பார்ப்பது?

இதற்குப் பரிகாரம் வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் டவரில் இன்னொரு கம்பெனியின் சந்தாதாரர் பேசுவதற்கு வட்டத்துக்குள் ரோமிங் என்று பெயர். இது புதிதல்ல. 3ஜி காலத்தில் ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றும் தங்களுக்குள் இப்படிப் பகிர்ந்துகொண்டன. சர்க்கார் தடுத்தபோது வழக்காடி 2014-ல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தன. கம்பத்தைப் பகிர்ந்துகொள்ள 2007-லேயே கூட்டாக ஒரு டவர் கம்பெனியும் வைத்தார்கள். தங்கள் செலவு குறையப் பகிர்வு கூடும். நம் குறை தீர மட்டும் கூடாதா? பிரிட்டனில் நான்கு கம்பெனிகளும் சர்க்காரும் 2020-ல் ஒப்பந்தம் போட்டு, கிராமப்புறத்துக்குச் சேர்ந்து டவர் போட முன்வந்தன. முதலாளித்துவ நாடுதான் அது!

இங்கேயும் வாசல் பாதி திறந்திருக்கிறது. செல்போன் கம்பெனிகளின் வருவாயில் 5 சதம் கிராமத் தொடர்புக்கென்று 2002 முதல் ஒரு நிதியில் சேர்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த நிதியில் எழுந்த 4ஜி டவர்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ சந்தாதாரர்கள் யாரும் பேசலாம் என்ற ஏற்பாட்டை 2025 ஜனவரி 17 அன்று மத்திய அமைச்சர் தொடங்கி வைத்தார். நாடு முழுவதும் 27,000 சொச்சம் டவர்களுக்கு மட்டும். நாம் கேட்பது இதுதான்: கிராமத்தில் நிற்கும் ஒவ்வொரு டவருக்கும் இதை விரிவாக்கு. கம்பெனிக்குள் கணக்கைக் கம்பெனி தீர்த்துக்கொள்ளட்டும். ஒரு சிம்முக்குக் காசு கொடுத்தவன் ஊரில் எந்த டவர் உயிரோடு இருக்கிறதோ அதில் பேசட்டும்.

அதுவரை? இணையம் வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் வைக்கச் சொல்லி 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். நான்கு தோழர்கள் நடந்து பார்த்த கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கம்பெனி வெளியிட்ட வரைபடத்தில் பச்சை பூசியிருக்கும் இடத்தில் உங்கள் போன் செத்துக் கிடந்தால், அதுதான் நம் கையில் கிடைத்த சாட்சி. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அந்த நோட்டைப் படித்துத் தீர்மானமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் 198-ல் புகார் சொல்லிப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புகாரைச் சொல்வதற்கும் காட்டை விட்டு நாற்கரச் சாலைக்கு நடந்து வர வேண்டியிருக்கும்.