சாவித் துளையில் ஒரு காது

‘குற்றம் செய்யாதவன் கண்காணிப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று கேட்கும் நல்லவர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். இவர்கள் கயவர்கள் அல்லர். ஒழுங்காக வரி செலுத்துவோர், பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்ப்போர். அதனாலேயே இவர்களோடு வாதிட வேண்டியுள்ளது.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்னும் புதினத்தை இவர்களுட் சிலரும் படித்திருக்கின்றனர். சுவரில் பதித்த தொலைத்திரை, எங்கும் முறைத்துப் பார்க்கும் ‘பெரியண்ணன்’ முகம் ஆகியவற்றோடு நின்றுவிட்டு, எங்கோ பொதுவுடைமை நாட்டுக் கதை என்று நூலை மூடி வைத்துவிட்டனர். இது தவறான வாசிப்பு என்கிறோம். அக்கதையில் மக்களுள் நூற்றுக்கு 85 பேர் உழைக்கும் எளியோர். அவர்களுட் பெரும்பாலோர் இல்லங்களில் திரையே இல்லை. ஆட்சியை ஏற்றுக் கட்சியில் சேர்ந்தவர்களைத்தான் அது இரவும் பகலும் காவல் காக்கிறது.

பார்சன்ஸ் என்னும் அண்டை வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். ஐயமே அறியாத விசுவாசி. கட்சிப் பணி என்றால் வியர்வை வழிய ஓடுபவர். உறக்கத்தில் பெரியண்ணனுக்கு எதிராக ஏதோ உளறிவிட்டார். ஏழு வயது மகள் சாவித் துளையில் காது வைத்துக் கேட்டாள். மறுநாளே காட்டிக் கொடுத்தாள். சிறைக்கு வந்த பின்பும் மகளை நன்றாக வளர்த்ததாகப் பெருமை கொள்கிறார் அந்தத் தந்தை! ‘குற்றம் செய்யாதவன்’ இவரன்றி வேறு யார்?

மிகைக் கற்பனை என்பார் கிழக்கு ஜெர்மனியை நோக்கட்டும். சுமார் 1.6 கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், 1989 இல் அரசப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஊழியர் ஏறத்தாழ 91,000 பேர். சம்பளப் பட்டியலில் இல்லாத ஒற்றர்களோ ஏறத்தாழ 1,89,000 பேர். 1992 இல் மக்கள் தத்தம் கோப்புகளைப் படிக்க வழி பிறந்தபோது, நண்பரும் உடன் பணியாற்றியோரும், சிலர் வாழ்வில் கணவருமே, அவற்றுள் ஒளிந்திருந்தனர். திருச்சபைகளுக்குள்ளும் ஒற்றர் இருந்தனர் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

‘கடவுள் அனைத்தையும் காண்கிறார், அரசு கண்டால் என்ன?’ என்றொரு வாதமும் நம் அன்பியக் கூட்டங்களிலேயே எழுகிறது. இதைக் கேட்கும்போது நமக்குச் சினமே மூளுகிறது. கடவுள் கோப்பு வைத்து எவரையும் மிரட்டுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணம் கொண்டும் குரு வெளியிடலாகாது என்று திருச்சபைச் சட்டம் விதித்திருப்பது எதற்காக?

ஆர்வெல்லையும் எளிதில் விட்டுவிடுவதற்கில்லை. பீகாரின் மோதிஹாரியில் 1903 இல் பிறந்த அவர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேயரின் காவல் அதிகாரியாக இருந்தவர். பின்னர் இலண்டன் காவல் துறையே பல்லாண்டுகள் அவரைக் குறித்துக் குறிப்பெழுதி வந்தது. 2007 இல் அக்கோப்பு வெளியானது. அவரும் சும்மா இருக்கவில்லை. 1949 மே மாதம் காசநோய் இல்லத்துப் படுக்கையில் இருந்தபடியே, பொதுவுடைமைச் சார்பினர் எனத் தாம் ஐயுற்ற 38 பேரின் பெயர்களை எழுதி, பிரிட்டிஷ் அயலுறவுத் துறையின் பரப்புரைப் பிரிவில் பணியாற்றிய தோழி ஒருவருக்கு அனுப்பினார். அப்பிரிவு இவர்களிடம் எழுத்துப் பணி எதையும் ஒப்படைக்க வேண்டாம் என்பதே நோக்கம். அதற்கு அடுத்த மாதம், ஜூன் 8 அன்று, பார்சன்ஸின் கதை நூலாகிக் கடைக்கு வந்தது.