மூச்சை அடக்காதே!

புரோத்ராபூரிலிருந்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஹாவ்லாக் தீவுக்குச் சென்று ‘ஸ்கூபா’ என்னும் நீர்மூழ்கும் வித்தையைக் கற்று, அதையே பிழைப்பாகக் கொள்ளப் போகிறேன் என்கிறானாம். “முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தீவு தீவாய்த் திரிபவர்களின் விளையாட்டு அல்லவா இது? நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்குமா? உயிருக்கு மோசம் வராதா?” என்று கேட்கிறார். இதே கேள்வியை வேறு பல பெற்றோரும் மனத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

அரசினர் 2018-ஆம் ஆண்டு ஹாவ்லாக்கிற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் சூட்டினர். எனினும் படகுத் துறையில் நிற்பவர் வாயில் இன்னும் பழைய பெயரே வழங்குகிறது. முதுகுப் பையுடன் வரும் இளைஞர்களை நாம் அனைவரும் பீனிக்ஸ் பே துறையில் பார்த்திருக்கிறோம். அழுக்குச் சட்டையும் கலைந்த தலையுமாக இருப்பதால் அவர்களைப் பற்றி நாம் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆனால் அவர்களுள் பலர் மூன்று நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்கி, பாடம் படித்து, தேர்வு எழுதி, நான்கு முறை கடலில் மூழ்கிக் காட்டிச் சான்றிதழ் பெற்றே திரும்புகின்றனர். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு கணுக்கால் அளவுக்கு மேல் இறங்காத நாம் அவர்களை நகைப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

முதுகில் சுமக்கும் உருளையில் பிராணவாயு இருப்பதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். சற்றேறக் குறைய இருநூறு மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்து வைத்திருப்பார்கள். வாயில் கவ்வும் கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமாகக் காற்றைத் தணித்து, உறிஞ்சும்போது மட்டும் கொடுக்கும். பிரான்ஸ் தேசத்துக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்யான் என்ற பொறியாளரும் 1943-இல் இக்கருவியைச் செப்பமாக அமைத்தனர்.

இங்கே நம் முன்னோரை நினையாமல் இருக்க முடியவில்லை. கொற்கையும் தூத்துக்குடியும் முத்துக்குளிப்பால் உலகறிந்தவை. காலில் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி இறங்கி, ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவார்கள். படகில் நின்று கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், தங்கை தாலியை அவன் மறக்க மாட்டான் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அத்தொழில் ஓய்ந்தது. சங்குக் குளிப்பு மட்டும் அதன் பின்னரும் நடந்து வந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களில் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருப்பார்கள்.

மூச்சை அடக்குவதே நம் பாட்டனார் வித்தை. ஸ்கூபாவிலோ முதல் நாள் கற்பிக்கும் முதல் விதி, ஒரு கணமும் மூச்சை அடக்காதே என்பது. முரணாகத் தோன்றும் இதன் காரணத்தைப் பிள்ளையைப் பெற்றவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பத்து மீட்டரில் இரு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. முத்துக்குளிப்பவர் மேலே மூச்செடுத்துக்கொண்டு இறங்குகிறார். அவர் நெஞ்சிலுள்ள காற்று ஆழத்தில் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவையே அடையும். அதற்கு மேல் போகாது. உருளைக் காற்றைச் சுவாசிப்பவரின் நிலை வேறு. அவர் பத்து மீட்டர் ஆழத்தில், அங்குள்ள அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்பிக்கொள்கிறார். அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அக்காற்று இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். ஆகையால் அமைதியாகச் சுவாசித்துக்கொண்டே, நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறவேண்டும். பயம் வந்ததும் மேலே பாய்வதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை அடக்கப் பழக்குவதற்காகவே பயிற்சி.

காது மற்றொரு சங்கதி. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, இறங்கும்போதே இடையிடையே காதைச் சமன் செய்ய வேண்டும். வலி எடுத்தபின் ஊதுவது பயன் தராது. சளி பிடித்திருக்கும் நாளில் கடலில் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, இருதய நோய், காதில் அறுவை நடந்தவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் போகலாகாது. சேரும்போது கொடுக்கும் நோய் விவரத் தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பள்ளி விண்ணப்பத்தில் எதை மறைத்தாலும் உயிர் போகாது, இங்கே போகும்.

இரயில் ஓடாத தீவில் இருந்துகொண்டு இரயில் சீட்டு வழங்குவது என் தொழில். ஆதலால் சுற்றுலா வருவோரின் நாட்கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று மாலை கடலில் மூழ்கினேன், நாளைக் காலை விமானம், இரவு சென்னை சென்டிரலில் வண்டி என்று அடுக்கிச் சொல்வார்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை அது கொண்டுபோய் விடலாம். ஒரு முறை மூழ்கியவர் பன்னிரண்டு மணி நேரமும், பல முறை மூழ்கியவர் பதினெட்டு மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது நடைமுறை விதி. ஒரு முழு நாளே விட்டுவிடுவது உத்தமம். கப்பலில் மூன்று நாள் ஆடி அசைந்து சென்னை போகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது; நம் கப்பல் பயணத்திற்கு இப்படியும் ஒரு பெருமை!

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பன்னிரண்டு மீட்டருக்குள் மீனைக் காட்டி, படம் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார்களே, அது வேடிக்கை பார்ப்பது. நீந்தத் தெரியாதவர்களையும் அதில் அழைத்துச் செல்கின்றனர். சான்றிதழ்ப் பயிற்சி என்பது வேறு. அதற்கு இருநூறு மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் வெளியேற்றவும், காற்றுத் தீர்ந்தால் கூட்டாளியின் மாற்றுக் குழாயில் சுவாசிக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். அந்தக் கூட்டாளிதான் இக்காலத்து மச்சான். அவன் இல்லாமல் இறங்கக் கூடாது. முதற்படிச் சான்றிதழ் பெற்றவருக்குப் பதினெட்டு மீட்டர் வரை அனுமதி.

பிழைப்புக்கு இது உதவுமா என்பதே அன்பரின் கேள்வியில் உள்ள முள். முதற்படியோடு சம்பளம் கிடைத்துவிடாது. அதன்பின் உயர்நிலை, மீட்புப் பயிற்சி, அப்பால் வழிகாட்டி, ஆசிரியர் என்று படிகள் உள்ளன. ‘பாடி’ என்ற அமைப்பின் முறைப்படி வழிகாட்டியாக அறுபது முறையும், ஆசிரியர் தேர்வுக்கு நூறு முறையும் மூழ்கிய கணக்கு இருக்கவேண்டும். முதற்படிக்கான கட்டணமே எழுத்தர் வீட்டின் ஒரு மாதச் செலவுக்கு ஈடாகும். வழிகாட்டி ஆகும்வரை அது பன்மடங்காகும். மழைக்காலத்தில் வேலை குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் இத்தொழிலில் தீவுப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் இனத்தவர் பலர் இன்று மூழ்கும் நிலையங்களில் மதிப்புடன் பணிபுரிகின்றனர். அவர்களுக்குக் கடலறிவு சிறுவயது முதலே கைவந்தது. நம் பிள்ளைகள் அரசாங்க எழுத்தர் வேலைக்கு மட்டும் காத்திருக்கின்றனர். எழுத்தனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு முதலே பவளப் பாறைதான். கடல் சூடேறியதால் 2010-இல் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெளுத்தவற்றுள் சில மீண்டும் உயிர்த்தன, பல மடிந்தன. காலால் மிதித்தாலும் கையால் ஒடித்தாலும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரோ அதனினும் குறைவோ வளரும் உயிர் அது. பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் வீட்டு அலமாரிகளில் காட்சிக்கு வைக்கும் ஆசையை விட்டொழிப்பது நல்லது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் இறங்குவதும் கூடாது. 2010-இல் ஹாவ்லாக்கிலேயே மேல்நாட்டுப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானதை மறக்கலாகாது.

அன்பருக்கு என் யோசனை இதுதான். பையனை இப்போதே தடுக்க வேண்டாம்; உடனே பணம் கட்டவும் வேண்டாம். இந்த மழைக்காலம் முழுவதும் அவன் நீச்சல் பழகட்டும். மருத்துவரிடம் காதையும் நெஞ்சையும் காட்டட்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அப்போது தாங்களும் உடன் சென்று இரண்டு மூன்று நிலையங்களைப் பாருங்கள். ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர் என்றும், படகில் அவசரத்திற்குப் பிராணவாயு வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சரியாக விடை சொல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். முதற்படி முடித்த பின்பும் அவன் ஆர்வம் குறையாதிருந்தால், அடுத்த படியைப் பற்றி மீண்டும் எனக்கு எழுதுங்கள்.