எத்தனை மணிக்குத் திரும்புவாய்?



போன இதழில் வேர்க்குருவுக்குக் கைவைத்தியம் எழுதியிருந்தேன். இந்த இதழில் பனிமலையைப் பற்றி எழுதப் போகிறேன். "செய்யூரில் உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு என்ன பனிமலை?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. போன வருஷம் மாசி மாதம் வரைக்கும் நானும் சிரித்திருப்பேன்.

என் பெண்ணுக்கு 22 வயது. பெங்களூரில் வேலை. அதற்கு முந்தின வருஷம் தோழிகளோடு மணாலிக்குப் போய் இரண்டு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். காலில் நீளமான இரண்டு பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போவது. ஏதோ சுற்றுலா என்று நினைத்து நாங்களும் விட்டுவிட்டோம். மாசியில் ஊருக்கு வந்தவள் ராத்திரி சாப்பிடும்போது மெள்ளப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, ஏப்ரல் கடைசியில மறுபடியும் மணாலி போகலாம்னு இருக்கேன். இந்தத் தடவை பழகுற மைதானத்துல இல்ல. ஆள் நடமாட்டமே இல்லாத மலையில நாமளே ஏறி, அங்கேருந்து சறுக்கி இறங்கறது. நாங்க நாலு பேர், ஒரு வழிகாட்டி. கூடாரத்துல மூணு ராத்திரி."

என் வீட்டுக்காரர் மோர்சாதத்தில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாடி கண்ணு சொல்ற? நம்மூரு வெயில்ல வளந்த உடம்பு. பனியில போயி நிக்குமா?"

அவர் நிதானமாகப் பேசினார். "2016-ல சியாச்சின்ல என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அந்த வருஷம் பிப்ரவரி 3-ம் தேதி, 19,600 அடி உயரத்தில் காவல் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடிவிட்டது. நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆறாம் நாள் ஒரே ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். கர்நாடகத்துக்காரர், ஹனுமந்தப்பா. அவரும் 11-ம் தேதி போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை.

"அப்பா, 2023 மே மாசம் எவரெஸ்ட் ஏறினாங்களே முத்தமிழ்ச்செல்வி, அவங்க ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா. அதே மாசம் ஏறின ராஜசேகர் பச்சை நம்ம கோவளத்துக்காரர். கடல்ல அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்."

"அவங்க அவங்க. நீ நீ" என்று சொல்லிக் கை கழுவ எழுந்து போய்விட்டார். பெண் என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்குச் சொல்றேன், படு" என்றேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாவிடம் மனசு தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கூட்டுக்காரரு இருட்டுல கடலுக்குப் போவாரு. நா ஒண்ணுதாம்மா கேப்பேன், எத்தினி மணிக்கு வருவேன்னு. போறதுக்குத் தைரியம் எல்லாருக்கும் கீது. மீனு படுற நேரத்துல காத்து மாறிச்சுன்னா, வலைய சுருட்டிக்கினு திரும்பணும் பாரு, அதுக்குத்தான் மனசு வராது."

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ராத்திரி முழுக்க "போகலாமா, கூடாதா" என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மத்தியானம் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எல்லாம் சொல்லு. எத்தனை மணிக்குக் கிளம்புவே, எத்தனை மணிக்குத் திரும்புவே?" என்றேன்.

"விடிகாலை மூணு, நாலு மணிக்கு நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு கிளம்பணும்மா. பத்து, பதினொண்ணுக்குள்ள கீழே வந்துடணும்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வசந்த காலத்தில் பகல் வெயிலுக்குப் பனியின் மேல்பக்கம் உருகும். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் அது மறுபடி உறைந்து கல்லாகிவிடும். அதனால் விடியற்காலையில் காலுக்குக் கெட்டியாக இருக்கும், ஏறுவது சுலபம். வெயில் ஏறியதும் மேலே கொஞ்சம் மட்டும் இளகிப் பரல் பரலாக நிற்கும். "நம்ம ஊர் கல் உப்பு மாதிரியேதான்மா இருக்கும்" என்றாள். சறுக்குவதற்கு அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் அருமையான நேரம். அதைத் தாண்டினால் உருகிய தண்ணீர் உள்ளே இறங்கிப் பனிக்குப் பிடிப்பு விட்டுப்போகும். ஈரப்பனி மொத்தமாகச் சரியும்.

உப்பளத்து வேலைக்காரர்களும் இருட்டில் போய் வெயில் ஏறுவதற்குள் கரை ஏறுகிறவர்கள்தானே? கடலுக்கும் உப்பளத்துக்கும் பனிமலைக்கும் ஒரே கடிகாரம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வழுக்குற பலகையை வச்சுக்கிட்டு மேலே எப்படி ஏறுவே?" என்றேன். பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வார்களாம். முன்காலத்தில் கடல்நாயின் தோல். இப்போது ஒருவகை ஆட்டு ரோமத்திலோ நைலானிலோ செய்கிறார்கள். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் ரோமம் சிலிர்த்துத் தடுக்கும் அல்லவா? அதே தத்துவம்தான். பலகை முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்காது. ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

"சரி, பனி சரிஞ்சா?" என்று தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன். பெண் மழுப்பவில்லை. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பனி பெயரும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வே சுமார் 30 டிகிரி. அதனால் சரிவை அளந்து பார்த்து, ஆபத்தான இடத்தில் ஒவ்வொருவராகக் கடப்பார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் சமிக்ஞை அனுப்பும் சின்னக் கருவி கட்டியிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் பக்கம் திருப்பி, இடத்தைக் கண்டு, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டுவார்கள். ஸ்விட்சர்லாந்தில் 40 வருஷக் கணக்கை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். புதைந்தவர்களை முதல் 10 நிமிஷத்துக்குள் எடுத்தால் 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். அதைத் தாண்டி அரை மணிக்குள் எடுத்தவர்களில் 10-க்கு 3 பேர்தான். வெளியாள் வந்து காப்பாற்ற அவகாசம் கிடையாது. கூடப் போகிறவர்கள்தான் உயிர்.

கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது உண்மை. ஆனால் மறைக்காமல் சொன்னாளே என்பதில் ஒரு தெம்பும் வந்தது.

அவரிடம் பேசினேன். "நீ சொன்னா சரி" என்று மட்டும் சொன்னார். முகம் தெளியவில்லை. நான் பெண்ணிடம் மூன்று நிபந்தனை போட்டேன். முதலாவது, கருவி, கம்பி, மண்வாரி மூன்றும் ஐந்து பேரிடமும் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு முன்னால் தேடிப் பழகியிருக்க வேண்டும். இரண்டாவது, எங்கே தங்குகிறீர்கள், எந்த வழி, வழிகாட்டியின் அலுவலக எண் என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேலே டவர் கிடையாதாம். நாலாம் நாள் மாலை 4 மணிக்குள் உன் குரல் வராவிட்டால் நானே அங்கே கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது, திரும்புகிற நேரம் வந்துவிட்டால் உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இனி உடம்பு விஷயம். மலைக்குப் பெண்ணையோ பிள்ளையையோ அனுப்புகிற தாய்மார்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம்: கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னேன். பெண்களுக்கு 12 கிராமாவது வேண்டும். என் பெண்ணுக்கு 11 கூட இல்லை! டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் முருங்கைக்கீரைப் பொடி இடித்து அனுப்பினேன். மாத்திரையோடு காபி, டீ சேர்க்கக்கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது.

உயரம்: 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேற்கொண்டு ஏறக்கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்குவதுதான் மருந்து. தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது.

துணி: உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நமக்கு இங்கே அது சுகம். அங்கே வேர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நூலோ செயற்கை நூலோதான் நல்லது. ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு மேல்.

வெயில்: பனி என்றதும் வெயிலை மறந்துவிடுகிறோம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும்கூடக் களிம்பு பூச வேண்டும். பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் கண்ணில் மணல் கொட்டியது போல் எரியும்.

கை கால் விரல் மரத்து வெளுத்துப்போனால் பனியைப் போட்டுத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. "குளிருக்கு நல்லது" என்று யாராவது மதுவை நீட்டினால் வாங்கக்கூடாது, அது உடம்புச் சூட்டைக் குறைக்கவே செய்யும்.

சத்துமாவு உருண்டையும் கடலை மிட்டாயும் டப்பாவில் போட்டு அனுப்பினேன். மாமியார் எங்கள் ஊர் கந்தசாமி கோயில் விபூதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அவர்கள் போனது சோலாங் பள்ளத்தாக்கைத் தாண்டி, பியாஸ் ஆறு பிறக்கிற பியாஸ் குண்ட் பக்கம். சுமார் 3,700 மீட்டர். மூன்று நாள் போன் இல்லை. அந்த மூன்று நாளும் நான் செய்த சமையலில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது. யாரும் குறை சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. "அம்மா, கீழே வந்துட்டோம். ஆனா உச்சிக்குப் போகலை."

முந்தின ராத்திரி மேகம் போட்டுவிட்டதாம். பனி சரியாக உறையவில்லை. விடியற்காலை நாலு மணிக்கே கால் முழங்கால் வரை இறங்கியதாம். உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வழிகாட்டி குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, "திரும்பலாம்" என்றாராம். கூட வந்த ஒரு பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

"அந்தச் சரிவு அப்புறம் சரிஞ்சுதா?" என்றேன்.

"இல்லம்மா. நாங்க கிளம்புற வரைக்கும் அப்படியேதான் இருந்துது. போயிருக்கலாமோன்னு இன்னும் மனசு அடிச்சுக்குது."

பக்கத்தில் நின்ற அவர் போனை வாங்கிக் கேட்டுவிட்டு, என்ன சொன்னார் தெரியுமா? "இவ்ளோ பணம் கட்டிப் போய் உச்சிக்கு ஏறலையா?" மாசியில் வேண்டாம் என்று முகம் திருப்பிய அதே மனிதர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. போனை வாங்கி, "நீ திரும்பினதுதான்டி கண்ணு எனக்குப் பெருமை. சாப்பிட்டுத் தூங்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சகோதரிகளே, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நம் பிள்ளைகள் எல்லோரும் பனிமலைக்குப் போகப் போவதில்லை. ஆனால் கடலில் குளிக்கப் போவார்கள், மழையில் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள், ஏரியில் நீச்சல் பழகுவார்கள். "பாதியில் ஏன் வந்தே? கட்டின பணம் வீணா? மத்தவங்க எல்லாம் போகலையா?" என்று நாம் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். அடுத்த தடவை திரும்ப வேண்டிய இடத்தில் அந்தக் கேள்விதான் பிள்ளையின் காதில் ஒலிக்கும். திரும்பாமல் போய்விடுவான்.

சரிவு சரியாமலே இருந்தாலும் திரும்பி வந்தது சரிதான். வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டதும் முதலில் சோற்றைப் போடுங்கள். "நல்ல வேளை, வந்துட்டே" என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

என் பெண் இந்த வருஷமும் போக வேண்டும் என்கிறாள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் வந்துவிட்டதாம். மாமியார் விபூதிப் பொட்டலத்துக்குக் காகிதம் தேடிக்கொண்டிருக்கிறார். இவரோ, "எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார்.

அடுத்த இதழில் கோடை வடாம் வற்றலோடு சந்திக்கிறேன்.