டாவின்சி கோட்டும் அம்பாறைக் கொத்தும்



பசறையில் பஸ் ஏறினால் பதுளை போகும்வரை காதில் இயர்போன். நம் பிள்ளைகள் சிலர் இப்போது பாட்டுக்குப் பதிலாக 'டாவின்சி கோட்' மாதிரி சதிக்கதைகளை ஒலிப்புத்தகமாகக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நல்ல விறுவிறுப்பு, ஆங்கிலமும் வளரும். 2006இல் அந்தப் படத்தை இலங்கையில் தடை செய்தார்கள். நாங்கள் தடை கேட்கவில்லை.

எங்கள் கவலை வேறு. வகுப்பில் வந்து "சேர், இது உண்மையாமே?" என்கிறார்கள். 2003இல் வந்த அந்த நாவலின் தொடக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்பிட்டு, 1099இல் தொடங்கிய இரகசிய சபை ஒன்று நிஜமாக இருப்பதாகப் போட்டிருக்கிறது. அந்தப் பெயரில் இருந்தது 1956இல் பிரான்சில் பியர் பிளான்டார்ட் என்பவர் பதிவு செய்த சங்கம். ஆதாரம் என்று காட்டியவை 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்த போலிகள். புத்தகம் என்றால் நிறுத்தித் திருப்பிப் பார்க்கலாம். காதில் ஓடும்போது குரல் உறுதியாக இருந்தாலே நம்பத் தோன்றும்.

அதே காதுதான் வட்ஸ்அப் வொய்ஸையும் கேட்கிறது. இலுமினாட்டி, தடுப்பூசிச் சதி, "எல்லாம் திட்டம்". யார் பேசுகிறார் என்றே தெரியாது. மஃரிபுக்கு வந்தது இஷாவுக்குள் ஊர்க் குரூப் எல்லாம் சுற்றிவிடுகிறது.

சதிக்கதை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துக்குள் கருத்தடை மாத்திரை என்றார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அதற்கு முன்பே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. 2019 மே மாதம் ஒரு வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. குருநாகல் டொக்டர் ஷாபி கைதானார். ஆதாரம் இல்லை என்று சிஐடியே நீதிமன்றத்தில் சொன்னது. பிணை கிடைத்தது ஜூலையில்.

அதை நம்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. கேட்டார்கள், பயந்தார்கள், மற்றவருக்கு அனுப்பினார்கள். நம் குரூப்பில் நடப்பதும் இதுதான், வில்லன் மட்டும் வேறு ஆள். நம்மைப் பற்றிச் சொன்னால் இனவாதம், நாம் அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் விழிப்புணர்வா? இது என்ன நியாயம்?

செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தைக் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! போனில் அனுப்பும் விரலுக்கும் அது பொருந்தும். பேசுவது யார், எப்போது பேசியது, ஆதாரம் எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லாத வொய்ஸ் உங்கள் போனோடு நிற்கட்டும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.