டஸ்கனியின் காலி வீடுகள்

இத்தாலியில் குடியேறிய அயல்நாட்டவர் எழுதும் நூல்களில் நமக்குப் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. குன்றின்மேல் பாழடைந்த கல்வீடு. அதைச் செப்பனிடும் பாடு. அண்டைவீட்டார் கற்றுத்தரும் சமையல். மாலையில் ஒரு கோப்பை கியாந்தி ஒயின். பிரான்செஸ் மேயஸின் 'அண்டர் த டஸ்கன் சன்' (1996) இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. சுவையான நூல்தான். ஆனால் டஸ்கனியில் அத்தனை வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன என்ற கேள்வியை இவ்வகை எழுத்து எளிதாகக் கடந்துவிடுகிறது என்றே நமக்குப் படுகிறது.

அவற்றில் பல, 'மெட்ஸாத்ரியா' எனும் வாரமுறையில் உழுதவர்களின் வீடுகள். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு. ஒயினிலும் ஒலிவ எண்ணெயிலும் அப்படியே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர்கள் பெருந்திரளாக நகரங்களுக்குப் பெயர்ந்தனர். புதிய வார ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இன்று உணவகங்களில் பெருமையோடு பரிமாறப்படும் 'ரிபொல்லித்தா', காய்ந்த ரொட்டியும் வெள்ளைப் பீன்ஸும் கோசுக்கீரையும் சேர்ந்த அந்த ஏழைகளின் சூப். மிஞ்சியதை மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்ததால் வந்த பெயர் அது. அதைச் சமைக்கக் கற்பவர் அந்தப் பற்றாக்குறையையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

அறிந்துகொண்ட ஒருவர் ஐரிஸ் ஒரிகோ. இங்கிலாந்தில் பிறந்தவர், இத்தாலியரான கணவரோடு 1924இல் லா ஃபோச்சே பண்ணையை வாங்கியவர். இத்தனைக்கும் அவர் நிலக்கிழார் பக்கத்தவர். ஆயினும் 1947இல் வெளியான அவரது போர்க்கால நாட்குறிப்பில், தப்பிவந்த போர்க்கைதிகளுக்கு உயிரைப் பணயம்வைத்து உணவளித்த குடியானவர்கள் வருகிறார்கள். டஸ்கனியின் உணவை அறிய விரும்புவோருக்குச் சமையல் நூல்களுக்கு முன்பாக நாம் பரிந்துரைப்பது அந்நாட்குறிப்பைத்தான்.