டாக்டர்களின் வகுப்பு

நம் வீடுகளில் ஒரு டாக்டரைச் சிபாரிசு செய்யும்போது சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, "கைராசிக்காரர்", மற்றொன்று, "முப்பது வருஷத்து அநுபவம்." கைராசியைப் பற்றி விவாதிக்க நாம் வரவில்லை, அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த முப்பது வருஷத்து அநுபவம் இருக்கிறதே, அதைப் பற்றி 2005-ஆம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. டாக்டர்களின் அநுபவத்துக்கும் அவர்கள் செய்யும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்று சோதித்த 62 பரிசீலனைகளை அதில் ஒன்று சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அவற்றில் 32 பரிசீலனைகளில், வருஷம் ஏற ஏறத் தரம் எல்லா அம்சங்களிலும் இறங்கியே வந்திருந்தது!

இதைப் படித்துவிட்டு நேயர்கள் தங்கள் குடும்ப டாக்டரை மாற்ற ஓட வேண்டாம். அவருடைய கையில் நடுக்கம் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். வைத்திய சாஸ்திரம் நகர்ந்து போய்விடுகிறது. அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். வயிற்றுப் புண் என்றால், "காரத்தைக் குறையுங்கள், கவலைப்படாதீர்கள், பாலைக் குடியுங்கள்" என்பதே வெகு காலம் டாக்டர்கள் சொல்லிவந்த புத்திமதி. 1982-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள், அந்தப் புண் பெரும்பாலும் ஒரு கிருமியின் வேலை என்பதற்குத் தடயம் கண்டுபிடித்தார்கள். முதலில் அவர்களை நம்பினவர்கள் சொற்பம். கிருமியைக் கொல்லும் மருந்துகளைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் குழு சிபாரிசு செய்தபோது 1994 ஆகிவிட்டது. 2005-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த இருபத்து மூன்று வருஷத்திற்குள், சில வார மருந்தில் தீர்ந்திருக்கக்கூடிய வியாதிக்காக எத்தனை பேர் மிளகாயைத் துறந்து மோர்ச் சாதமே கதியென்று இருந்தார்களோ, கணக்கு யாரிடம் இருக்கிறது?

ஆகவே, டாக்டர் பரீட்சை தேறியபிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் நாட்டில் இந்திய வைத்தியக் கவுன்ஸில் 2002-இல் வெளியிட்ட ஒழுங்கு விதிகளிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருஷத்திற்குக் குறைந்தது 30 மணி நேரமாவது தொழிற்கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்லுகிறது. வருஷத்திற்கு ஆறு மணி நேரம்! மார்கழி மாதத்தில் சென்னைச் சங்கீத ரஸிகர் ஒருவர் இரண்டே நாளில் ஸபாக்களில் உட்கார்ந்துவிடும் நேரம் அது. கேட்பது ரொம்ப அதிகம் என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த ஆறு மணி எப்படிக் கழிந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. பெரிய நகரத்தில் பெரிய ஹோட்டல்; மேடையில் ஐந்தாறு நாற்காலி; காலையில் குத்துவிளக்கு; அப்புறம் பிரசங்கம், பகல் விருந்து, மறுபடி பிரசங்கம். வாசலில் மருந்துக் கம்பெனிகளின் கடைகள். இந்த உபசாரங்கள் எல்லை கடந்து போய்விட்டபடியால்தான், மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசோ, பிரயாணச் செலவோ, விருந்தோ பெறக் கூடாது என்று 2009 டிசம்பரில் கவுன்ஸில் தன் விதிகளைத் திருத்த நேர்ந்தது. போகட்டும். இதில் முக்கியமான விஷயம் வேறு. இந்த மகாநாடுகளுக்குப் போகக்கூடியவர் யார்? நகரத்து நிபுணர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் டாக்டர் இரண்டு நாள் பட்டணம் போனால், அந்த இரண்டு நாளும் பாம்பு கடிக்காமல் இருக்குமா, பிரசவம் காத்திருக்குமா? கைக்குழந்தையுடன் இருக்கும் பெண் டாக்டரின் பாடும் இதுவே. யாருக்குப் புதுப் பாடம் அதிகம் வேண்டுமோ, அவருக்கே வகுப்பின் கதவு அடைத்திருந்தது.

2020-ஆம் வருஷத்தில் கொரோனா வந்து ஹோட்டல் கதவையும் அடைத்தது. மகாநாடுகள் எல்லாம் இண்டர்நெட்டில் ஏறிக்கொண்டன. கம்ப்யூட்டர் திரையில் பிரசங்கியின் முகம். அவரவர் வீட்டில் அவரவர் நாற்காலி. ரயில் இல்லை, அறை வாடகை இல்லை, கிராமத்து டாக்டரும் வரலாம். நல்ல காரியந்தான். ஆனால் நடந்தது என்ன? ஹோட்டல் மேடையில் இருந்த அதே பிரசங்கத்தை அப்படியே தூக்கித் திரையில் வைத்தார்கள். பகல் விருந்து ஒன்றுதான் குறைந்தது! நமக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் மேஜைமேல் அந்தப் பிரசங்கத்தை ஓடவிட்டு, ஓசையை அடக்கி, தம் முகத்தையும் மறைத்துவிட்டு, வரிசையில் நின்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சான்றிதழ் தானாகவே வந்து சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கல்வியா, காத்திருக்கும் நோயாளியா என்றால் அவர் செய்ததே சரி. குறை வகுப்பில் இருந்தது.

வெறும் பிரசங்கத்தால் டாக்டர்கள் செய்யும் வைத்தியம் மாறுவதில்லை என்பது புதுச் செய்தியும் அல்ல. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் டேவ் டேவிஸும் அவருடைய சகாக்களும் 1999-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். கேட்டுவிட்டுப் போகும் கூட்டங்களால் பலன் காணவில்லை. டாக்டர்கள் தாங்களே பேசி, செய்து பார்த்து, விவாதிக்கும் கூட்டங்களால் பலன் கண்டது. ஆகையால் மகாநாட்டை ஹோட்டலில் கூட்டுவதா, திரையில் கூட்டுவதா என்பது இரண்டாவது கேள்வி. அங்கே பேசுகிறவர் யார் என்பதே முதல் கேள்வி.

இந்த முதல் கேள்விக்கு நல்ல விடை கண்டவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்றவர், பெயர் ஸஞ்ஜீவ் அரோரா, கல்லீரல் நிபுணர். நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் ஆல்புகர்க்கி நகரத்துச் சர்வகலாசாலையில் வேலை பார்த்தார். அந்த ராஜ்யம் பரப்பில் நம் தமிழ் நாட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜனத்தொகையோ சுமார் இருபது லட்சந்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையே பாலைவனம். கல்லீரலைச் சிறுகச் சிறுக அரிக்கும் 'ஹெபடைடிஸ் ஸி' என்னும் வியாதி அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருந்தது. அரோராவைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். 250 மைல் தூரத்திலிருந்துகூட நோயாளிகள் வந்தார்கள்.

ஒரு நாள் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி வந்தாள். வியாதி இருப்பது அவளுக்கு எட்டு வருஷமாகவே தெரியும். சிகிச்சைக்குப் பல தடவை ஆல்புகர்க்கி போய்வர வேண்டும் என்று உள்ளூரில் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு அத்தனை தூரம் போக அவளால் முடியவில்லை. வயிற்று வலி தாங்காமல் இப்போது வந்தாள். கல்லீரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், நோயாளியும் இருந்தாள். நடுவில் சாலை நீளமாக இருந்தபடியால் ஓர் உயிர் போயிற்று. இதை அரோரா பின்னால் பல சபைகளில் சொல்லியிருக்கிறார்.

கிராமத்து டாக்டர்களே அந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். அக்காலத்துச் சிகிச்சை இலேசானதல்ல. வாரம் ஒரு தடவை ஊசி, தினந்தோறும் மாத்திரை. பலருக்கு இது 48 வாரம். சிலருக்கு இரத்தம் குன்றிப் போகும். சிலருக்கு மனம் சோர்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கூட வந்துவிடும். இவ்வளவும் பட்டால் பாதிப் பேருக்குக் குணம். கிராமத்து டாக்டர் பயந்ததில் ஆச்சரியமில்லை.

2003-இல் அரோரா ஓர் ஏற்பாடு செய்தார். வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், பல ஊர்களிலுள்ள டாக்டர்கள் திரையின் மூலம் ஒன்று கூடுவார்கள். ஒரு பக்கம் கல்லீரல் நிபுணர், மனோவியாதி நிபுணர், மருந்து நிபுணர். மறுபக்கம் கிராமத்து டாக்டர்கள். ஒவ்வொருவராகத் தம் நோயாளியின் கதையை எடுத்துச் சொல்லுவார்: வயது இன்னது, இரத்தப் பரிசோதனை இப்படி, மருந்து ஆரம்பித்து இத்தனை வாரம், இப்போது இந்தத் தொல்லை, நான் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரிதானா? நோயாளியின் பெயர் மட்டும் சொல்லப்படாது. நிபுணர்கள் யோசனை சொல்லுவார்கள். மற்ற ஊர் டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், தாங்களும் கேள்வி போடுவார்கள். இடையில் ஒரு சிறு பிரசங்கமும் உண்டு. அது ஊறுகாய் அளவுதான். நிபுணர் அந்த நோயாளியைத் தம்மிடம் இழுத்துக்கொள்வதில்லை. வைத்தியம் செய்கிறவர் கிராமத்து டாக்டரே. அந்த நேரம் அவருடைய தொழிற்கல்விக் கணக்கிலும் சேர்ந்தது, கட்டணம் கிடையாது. இதற்கு 'எக்கோ' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு டாக்டர் தம் வாழ்நாளில் இத்தகைய நோயாளிகள் பத்துப் பேரைப் பார்ப்பதே அரிது. ஆனால் பத்து ஊர் டாக்டர்கள் ஒவ்வொரு வாரமும் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு வருஷத்தில் நூறு நோயாளிகளைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் ஸர்ஜனாக இருந்தபோது கிடைத்த படிப்பு அல்லவா அது? அதைக் கிராமத்திலேயே கொண்டுவந்து கொடுத்தது இந்த ஏற்பாடு.

பலன் என்ன என்று கணக்கும் எடுத்தார்கள். 407 நோயாளிகளைப் பற்றிய விவரம் 2011-இல் வெளியாயிற்று. சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் நிபுணர்களே பார்த்த 146 பேரில் 84 பேருக்கு வியாதிக் கிருமி அடியோடு நீங்கியது; அதாவது நூற்றுக்கு 57.5. கிராமங்களிலும் சிறைச்சாலைகளிலும் சாதாரண டாக்டர்கள் பார்த்த 261 பேரில் 152 பேருக்கு நீங்கியது, நூற்றுக்கு 58.2. மருந்தினால் நேர்ந்த கடுமையான தொல்லைகள் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 13.7, வெளியூர்களில் 6.9. கஷ்டமான நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆராய்ச்சி அல்ல இது. ஆகையால் கிராமத்து டாக்டர் நிபுணரை வென்றுவிட்டார் என்று நாம் கொண்டாட வரவில்லை. அவருக்குச் சமமாகச் செய்தார் என்பதே போதும். அந்தப் பழைய ஊசி மருந்து இப்போது ஒதுங்கிவிட்டது. சில மாத மாத்திரைகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம் ஏற்படுகிறது. மருந்து மாறியபோது, வாராந்திரக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த டாக்டர்கள் புது மருந்தையும் அதே இடத்தில் கற்றுக்கொள்ள வழி இருந்தது.

தூரத்து டாக்டர்களைத் திரையின் மூலம் சேர்த்துவைக்கும் எண்ணம் அரோராவுக்கும் முந்தியது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா ராஜ்யத்துச் சர்வகலாசாலை 1964-லேயே, 112 மைல் தூரத்திலிருந்த மனோவியாதி ஆஸ்பத்திரி ஒன்றுடன் இருவழி டெலிவிஷன் தொடர்பு அமைத்தது. அப்போது அதற்கு ஆன செலவை நினைத்தால், இன்று சட்டைப்பையிலுள்ள டெலிபோனே அந்த வேலையைச் செய்வது இந்திரஜாலந்தான்.

அரோராவின் முறை நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல ஸ்தாபனமான நிம்ஹான்ஸ், சத்தீஸ்கர் ராஜ்யத்துச் சாதாரண டாக்டர்களுக்கு மனோவியாதிச் சிகிச்சையை இவ்விதம் கற்பித்தது. காடும் மலையுமான ஜில்லாக்களில் மனோவியாதி நிபுணரைத் தேடி எங்கே போவது? மந்திரவாதிதான் பக்கத்தில் இருப்பார். அந்த ஊர் டாக்டருக்கே தைரியம் வந்தால் குடும்பங்கள் பிழைத்தன.

எல்லாவற்றையும் திரையில் கற்றுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. வீங்கிய மண்ணீரலைக் கையால் அழுத்திப் பார்ப்பதையும், குறுக்கே கிடக்கும் சிசுவைத் திருப்புவதையும் திரையில் பார்த்துப் பழகுவது, காவேரியில் இறங்காமல் நீச்சல் கற்ற கதைதான். மகாநாட்டு மண்டபத்தின் வெளியே காபி சாப்பிட்டபடி பழைய சிநேகிதரிடம், "இப்படி ஒரு கேஸ் எனக்குத் தப்பிப் போயிற்று, ஐயா" என்று மெதுவாகச் சொல்லும் வார்த்தை, நாற்பது முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் எளிதில் வாயில் வராது. அந்த வார்த்தை வரும்படி செய்வதே கூட்டத்தை நடத்துகிறவரின் சாமர்த்தியம். கிராமத்து டாக்டர் சொன்ன தவற்றைக் கேட்டு நிபுணர் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும். மறு வாரம் அவர் வரமாட்டார்.

நேரம் என்ற கஷ்டமும் இருக்கிறது. காலையிலிருந்து வரிசை நகர்த்திய டாக்டரை, இரவு சாப்பாட்டுக்குமேல் கொட்டாவியோடு திரைக்கு முன் உட்காரச் சொல்லுவது நியாயமல்ல. வேலை நேரத்திலேயே, வாரம் ஒரு மணி அவருக்கு ஒதுக்கப்பட வேண்டும். அது சர்க்கார் செய்ய வேண்டிய காரியம். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அந்த ஒரு மணி நேரம் அறைக் கதவு சாத்தியிருந்து, "டாக்டர் வகுப்பில் இருக்கிறார்" என்று நர்ஸம்மா சொன்னால், "படித்துத் தேறாதவரா நமக்கு வைத்தியம் செய்கிறார்?" என்று வாசலில் நின்று முணுமுணுக்காமல் இருக்கலாம்.

அந்த 30 மணிக் கணக்கில், எந்த விஷயத்தைப் பற்றி யார் பிரசங்கம் செய்தார் என்பது நாம் பார்த்த சான்றிதழ்களில் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. டாக்டர் தம்முடைய நோயாளி எத்தனை பேரைப் பற்றி அங்கே எடுத்துச் சொன்னார் என்று எழுத அவற்றில் இடம் இல்லை. ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் காகிதச் செலவு ஒன்றும் கூடிவிடாது.